தண்டுச் செடி: வெட்டத் தெரிந்தவருக்கே லாபம்

வண்ண மீன் வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள நம் வணிகப் பெருமக்கள் ஒரு கணக்கை ஒழுங்காக எழுதி வருகிறார்கள். மற்றொரு கணக்கை எழுதுவதே இல்லை. செத்த மீன் நட்டக் கணக்கில் ஏறிவிடுகிறது. அழுகிய செடியோ குப்பைக் கூடையோடு போய்விடுகிறது. மாதம் எத்தனை கட்டுச் செடி வாங்கினோம், எத்தனை விற்றோம், எத்தனையைத் தூக்கி எறிந்தோம் என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

மற்ற சரக்குகளுக்கு இல்லாத ஒரு சிறப்பு இந்தச் சரக்குக்கு உண்டு. மூட்டையில் இருக்கும் அரிசி இருப்பில் எடை கூடுவதில்லை. கீரைக்கட்டும் வெற்றிலையும் மறுநாளே வாடிவிடும். மீன் தொட்டிச் செடி மட்டும் கடையில் இருக்கும்போதே வளர்கிறது. அதன் குணம் தெரிந்தவர் கடையில் ஒரு கட்டு மூன்று கட்டாகிறது; தெரியாதவர் கடையில் பத்தே நாளில் சேறாகிறது. எனவே, மீன் கடைகளில் அதிகம் விற்பனையாகும் தண்டுச் செடிகளின் வளரும் குணத்தையும், அதை நம் வசப்படுத்தும் முறையையும் இங்கே விளக்கமாகக் காண்போம்.

தண்டுச் செடி என்பது எது?

மீன் தொட்டியில் வைக்கும் செடிகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். கிழங்கிலிருந்தோ அடியிலிருந்தோ இலைகள் கொத்தாகக் கிளம்புபவை ஒரு வகை. அமேசான் வாள் செடி, வல்லிஸ்னேரியா ஆகியவை இதில் சேரும். கல்லிலும் கட்டையிலும் பற்றி வளர்பவை இரண்டாம் வகை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவை இவை. நேராக ஒரு தண்டு எழுந்து, அதில் கணுவுக்குக் கணு இலை விட்டு, நுனியில் மட்டும் உயர்ந்துகொண்டே போவது மூன்றாம் வகை. இதுவே தண்டுச் செடி. கபோம்பா, அம்புலியா, ஹைக்ரோபிலா, விஸ்டேரியா, ரோட்டாலா, லுட்விஜியா, பக்கோபா என்று கடைகளில் கட்டுக்கட்டாக விற்பவை எல்லாம் இவைதாம்.

பெயரைக் கேட்டால் அயல்நாட்டுச் சரக்கு போலத் தோன்றும். ஆனால் இவற்றில் பலவும் நமக்கு உறவு முறைதான். பக்கோபா இனத்தில் ஒன்று நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் நீர்ப்பிரம்மியே. ஹைக்ரோபிலா குடும்பத்தில் நம் வயல் வரப்பு நீர்முள்ளியும் சேரும். சிவப்பு இலைக்காக விலை போகும் அல்டர்னாந்திரா, பொன்னாங்கண்ணிக் கீரையின் தென் அமெரிக்கச் சகோதரி. ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியா, ஹைக்ரோபிலா பாலிஸ்பெர்மா, விஸ்டேரியா ஆகியவை இந்தியாவிலேயே இயற்கையாக வளர்பவை.

பொன்னாங்கண்ணித் தண்டை ஒடித்து மண்ணில் ஊன்றினால் வேர் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? தண்டுச் செடியின் ரகசியம் அதுதான். ஒவ்வொரு கணுவும் வேர் விட வல்லது. ஒவ்வொரு கணுவும் கிளை விட வல்லது.

நுனியின் ஆட்சி

அப்படியானால் எல்லாக் கணுவும் ஏன் உடனே கிளை விடுவதில்லை? தண்டின் நுனியில் உள்ள குருத்து ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைச் சுரக்கிறது. அது தண்டு வழியே கீழே இறங்கி, இலைக்கக்கத்தில் உறங்கும் மொட்டுகளை எழவிடாமல் தடுக்கிறது. நுனி இருக்கும்வரை செடி உயரமாக ஓடுமே தவிர அடர்த்தியாகாது.

நுனியை வெட்டிய மாத்திரத்தில் இந்தத் தடை நீங்கிவிடுகிறது. வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள கணுக்களிலிருந்து ஒன்றுக்கு இரண்டாகக் கிளைகள் வெடிக்கின்றன. துளசியின் நுனியைக் கிள்ளுவதும், மல்லிகைக்குக் கவாத்து செய்வதும், முருங்கையைத் தறித்து விடுவதும் இதற்காகவே. தோட்டக்காரர் தரையில் செய்வதை மீன் கடைக்காரர் தண்ணீருக்குள் செய்ய வேண்டும். வேறுபாடு அவ்வளவே.

அடிப்பாகம் ஏன் மொட்டையாகிறது?

"அண்ணே, மேலே நல்லாத்தான் இருக்கு, கீழே எல்லாம் இலை கொட்டிப்போச்சு" என்பது கடைக்கு அடிக்கடி வரும் புகார். செடி கெட்டுவிட்டது என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். உண்மையில் செடி தன் குணப்படி நடந்துகொள்கிறது.

வெளிச்சம் மேலிருந்து வருகிறது. நுனி நீர்மட்டத்தைத் தொட்டுப் படர்ந்தவுடன் தன் நிழலைத் தன் அடிப்பாகத்தின் மீதே போட்டுவிடுகிறது. வெளிச்சம் கிடைக்காத அடி இலை செடிக்குச் சுமை. அதில் உள்ள சத்தை உறிஞ்சி மேலே அனுப்பிவிட்டு இலையை உதிர்க்கிறது. வெளிச்சம் மிகவும் குறைந்தால் கணுவுக்கும் கணுவுக்கும் உள்ள இடைவெளி நீண்டு, தண்டு நூல் போல இளைக்கிறது. நெருக்கமாக ஊன்றினாலும் இதே கதிதான். கட்டைப் பிரிக்காமல் அப்படியே மண்ணில் செருகுவது இந்தக் குறையை முதல் நாளிலேயே விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம்.

சரக்கு வந்தவுடன் செய்ய வேண்டியவை

மொத்த வியாபாரியிடமிருந்து வரும் கட்டுகளில் ஈயத் தகடோ ரப்பர் பேண்டோ சுற்றப்பட்டிருக்கும். போக்குவரத்துக்கு அது வேண்டும், தொட்டிக்கு வேண்டாம். இறுகிய இடத்தில் தண்டு நசுங்கி, அங்கிருந்துதான் அழுகல் தொடங்குகிறது. எனவே முதல் வேலை கட்டை அவிழ்ப்பது.

இரண்டாவது, நசுங்கிய அடிப்பாகத்தைக் கூரிய கத்தரியால் கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கிவிட வேண்டும். மண்ணுக்குள் போகும் இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும்; புதையும் இலை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பிறகு ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே, ஓர் அங்குல இடைவெளி விட்டு, நீண்ட இடுக்கியால் சற்றுச் சாய்வாக ஊன்ற வேண்டும். நேராகக் குத்தினால் மேலே மிதந்து வந்துவிடும்.

மூன்றாவது, நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய முக்கியச் செய்தி. பண்ணைகளில் பல செடிகள் தண்ணீருக்கு மேலேயே, ஈரப்பதமான கூடாரங்களில் வளர்க்கப்படுகின்றன. காற்றில் வளர்ந்த இலை வேறு, தண்ணீரில் வளரும் இலை வேறு. விஸ்டேரியாவின் இலை காற்றில் பல் விளிம்புடன் அகலமாக இருக்கும். தண்ணீருக்குள் போனபின் வரும் புதிய இலை இறகு போலப் பிளவுபட்டிருக்கும். ரோட்டாலாவின் வட்ட இலை தண்ணீருக்குள் ஒடுங்கி நீளும். இந்த மாற்றம் நடக்கும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் பழைய இலைகள் கருகியும் கரைந்தும் போகலாம். நுனியில் புதுக் குருத்து தெரிந்தால் செடி பிழைத்துவிட்டது என்று பொருள். இதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால், பிழைக்க இருந்த செடியை அவர் பிடுங்கி எறிந்துவிடுவார். அடுத்த முறை பிளாஸ்டிக் செடி கேட்பார்.

இதோடு சேர்த்து ஒரு நேர்மையின் செய்தியும் உண்டு. டிரசீனா போன்ற நிலத்துச் செடிகளை மீன் தொட்டிச் செடி என்று விற்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவை சில வாரங்கள் நிறம் மாறாமல் நின்று, பிறகு அழுகும். நாலு காசு லாபத்துக்காக ஒரு நிரந்தர வாடிக்கையாளரை இழப்பது வியாபாரம் ஆகாது.

வெட்டும் முறைகள்

வெட்டுவதில் மூன்று முறைகள் உள்ளன. மூன்றுக்கும் பயன் வேறு.

முதல் முறை, நுனிக் கவாத்து. தண்டின் மேல்பகுதியை ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, அடிப்பாகத்தை வேரோடு அப்படியே விட்டுவிடுவது. கிளைகள் வெட்டிய இடத்தை ஒட்டித்தான் வரும். எனவே முதல் வெட்டைத் துணிந்து தாழ்வாக வெட்ட வேண்டும்; அடுத்த வெட்டு அதற்குச் சற்று மேலே, அதற்கடுத்தது இன்னும் சற்று மேலே என்று போனால் அடியிலிருந்தே புதர் கட்டும். முதல் வெட்டையே உயரத்தில் வெட்டினால், மொட்டைக் கால்களின் மேல் குடை விரித்தது போல ஆகிவிடும்.

இரண்டாவது, நுனியை மறுநடவு செய்வது. வெட்டிய நுனி 4 முதல் 6 அங்குலம் இருக்கட்டும். அதை ஊன்றினால் ஓரிரு வாரத்தில் வேர் பிடித்துப் புதுச் செடியாகிறது. ஹாலந்து நாட்டினர் தண்டுச் செடிகளைப் படிப்படியாக உயரும் வரிசைகளாக அடுக்கி, 'லெய்டன் வீதி' என்ற பெயரில் தொட்டிக்குள் தெரு போன்ற அழகை உண்டாக்குவார்கள். முன் வரிசை தாழ்ந்தும் பின் வரிசை உயர்ந்தும் நிற்பதற்காக வரிசைக்கு வரிசை வேறு உயரத்தில் வெட்டி ஊன்றுவது அவர்கள் வழக்கம். ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) உலகெங்கும் பரப்பிய இயற்கைத் தொட்டிப் பாணியில் நுனிக் கவாத்தே பிரதானம். திரும்பத் திரும்ப வெட்டி உருண்ட புதராக்குவார்கள்.

மூன்றாவது, முழு மாற்று. பல முறை வெட்டிய அடித்தண்டு ஒரு கட்டத்தில் மரத்துப் போகும்; கிளை மெலியும், பாசி பிடிக்கும். அப்போது இரக்கம் பார்க்காமல் அடியைப் பிடுங்கிவிட்டு, நல்ல நுனிகளை மட்டும் ஊன்றிப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

எந்த முறையானாலும் தொட்டி முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடிக்கக் கூடாது. சத்தை உறிஞ்சும் இலைகள் திடீரெனக் குறைந்தால் அந்தச் சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். பாதி இந்த வாரம், பாதி அடுத்த வாரம் என்பதே பாதுகாப்பு.

செடிக்குச் செடி குணம் வேறு

ஹைக்ரோபிலா பாலிஸ்பெர்மா: மிக வேகமாக வளரும், குறைந்த வெளிச்சத்தையும் கடின நீரையும் தாங்கும். புதிய வாடிக்கையாளருக்கு முதலில் கொடுக்கத் தக்கது. அடிக்கடி வெட்டாவிட்டால் தொட்டியை மூடிவிடும்.

விஸ்டேரியா: உயரத்தோடு அகலத்திலும் படரும். தனியாக இடம் ஒதுக்க வேண்டும். உதிர்ந்த இலையிலிருந்துகூடக் குட்டிச் செடி கிளம்பும்.

அம்புலியா: மெல்லிய இலைகள், வேகமான வளர்ச்சி. வெளிச்சம் குறைந்தால் கணு இடைவெளி நீண்டு அழகு கெடும். மண்ணுக்கடியிலும் ஓடிப் புதுத் தண்டு விடும்.

கபோம்பா: பார்வைக்கு அழகு, கையாளுவதில் தொல்லை. நல்ல வெளிச்சமும் தெளிந்த நீரும் இல்லாவிட்டால் இலை உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும். கோடை வெப்பத்தை விரும்பாது.

ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியா: வெட்ட வெட்டத் தழைக்கும், நுனிக் கவாத்துக்கு இதைவிட ஏற்றது இல்லை. நல்ல வெளிச்சத்தில் செம்மை ஏறும்.

பக்கோபா: நிதானமாக, நேராக வளரும், எளிதில் கிளைக்காது. வெட்டி மறுநடவு செய்வதே பொருத்தம். பராமரிப்புக்கு நேரமில்லாத வாடிக்கையாளருக்கு நல்லது.

ரோட்டாலா மக்ராண்ட்ரா: இந்தியச் செடிதான் என்றாலும் மென்மையான நீர், அதிக வெளிச்சம், கரியமில வாயு மூன்றும் கேட்கும். அனுபவமில்லாதவருக்கு விற்றால் திரும்பி வரும்.

தண்ணீரும் வெளிச்சமும்

வெளிச்சம், கரியமில வாயு, சத்து ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். கரியமில வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எனவே வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் செடியால் ஈடுகொடுக்க முடியாது; பாசிதான் கொழிக்கும். வாயு உருளை வைக்காத தொட்டிக்கு மிதமான எல்.இ.டி. விளக்கு, நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். வாயு விடும் தொட்டியிலும் இரவில் நிறுத்திவிட வேண்டும். அளவு மீறினால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடினமானது. அதில் வளரக்கூடிய ஹைக்ரோபிலா, விஸ்டேரியா போன்றவற்றை முன்வைத்து விற்பது புத்திசாலித்தனம். கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது கபோம்பாவைக் குறைவாகக் கொள்முதல் செய்வது நல்லது.

சத்துக் குறையை இலை தானே சொல்லிவிடும். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் குறைந்தால் பழைய இலைகள் முதலில் மஞ்சளாகும் அல்லது ஓட்டை விழும்; ஏனெனில் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். இரும்புச் சத்தை அப்படி எடுக்க முடியாது. எனவே அது குறைந்தால் குருத்து வெளுக்கும். கீழ் இலையா, மேல் இலையா என்று ஒரு கேள்வி கேட்டாலே எந்த உரப் புட்டியை எடுத்துக் கொடுப்பது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு கட்டுக்கு 5 தண்டு என்று வைத்துக்கொள்வோம். வந்த சரக்கில் 2 கட்டை, அதாவது 10 தண்டை, தாய்ச் செடியாக ஒரு தனித் தொட்டியில் ஊன்றுகிறோம். வளர்ந்தபின் நுனிகளை வெட்டினால் 10 நுனிகள், அதாவது 2 கட்டு விற்பனைக்குக் கிடைக்கிறது. போட்ட சரக்கு திரும்பி வந்துவிட்டது. நின்ற 10 அடித்தண்டும் இரண்டிரண்டு கிளை விட்டால் அடுத்த வெட்டில் 20 நுனிகள். கால் பங்கு தேறாது என்று கழித்தாலும் 15 நுனிகள், அதாவது 3 கட்டு. தாய்ச் செடி தொட்டியிலேயே நிற்கிறது. ஹைக்ரோபிலா போன்ற வேகமான செடிகளில் இதற்கு அதிக நாள் பிடிக்காது. அதைவிட முக்கியம், நம் தொட்டித் தண்ணீரிலேயே வளர்ந்த இந்த நுனிகள் காற்றில் வளர்ந்த சரக்கைப் போல இலை கரைவதில்லை. வாடிக்கையாளர் வீட்டிலும் நிற்கும்.

வெட்டிய துண்டு எங்கே போகிறது?

இனிச் சொல்லப்போவது லாபத்தைவிடப் பெரிய விஷயம். ஒரு கணுவிலிருந்து செடி முளைக்கும் என்பது நமக்கு வரம். நீர்நிலைக்கு அதுவே சாபமாகலாம்.

1950-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடி அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள டாம்பா நகருக்கு, மீன் தொட்டிச் செடி வியாபாரி ஒருவருக்கு வந்தது. சரக்கு திருப்தியாக இல்லை என்று அது கால்வாயில் கொட்டப்பட்டது. அங்கே அது தழைத்தது. 1990-களின் நடுவில் அந்த மாநிலத்தில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பில் பரவியிருந்தது. அதை அடக்க அரசு ஆண்டுதோறும் பெருந்தொகை செலவிட வேண்டியதாயிற்று. நம் பகுதியில் இயல்பாக வாழும் செடிதான் அங்கே போய் அரக்கனானது. ஹைட்ரில்லாவோடு நம் ஹைக்ரோபிலா பாலிஸ்பெர்மாவும் அம்புலியாவும்கூட அமெரிக்க அரசின் தீய களைப் பட்டியலில் உள்ளன.

எதிர்த் திசையிலும் இது நடக்கிறது. 2020 நவம்பரில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே ஆவளப்பாண்டியில் ஒரு நீரோடை முழுவதும் இளஞ்சிவப்பு மலர் விரித்ததைக் காண மக்கள் திரண்டனர். அது தென் அமெரிக்கக் கபோம்பா வகைகளில் ஒன்று. கண்ணுக்கு விருந்தாக இருந்தாலும், நீரோட்டத்தை அடைத்து மற்ற செடிகளின் இடத்தைப் பிடிக்கும் அந்நியக் களை. கடைகளில் விற்கும் கரோலினியானா வகைக் கபோம்பாவை ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் விற்பனைத் தடைப் பட்டியலில் சேர்த்தது.

வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற சென்னை கொளத்தூரின் பக்கத்திலேயே ரெட்டேரி இருக்கிறது. கடைத் தெருவின் வடிகால் எங்கோ ஓர் ஏரியிலோ கால்வாயிலோதான் சேருகிறது. ஆகவே வெட்டிய கழிவைச் சாக்கடையிலும் குளத்திலும் போடாமல், வெயிலில் சருகாகக் காயவைத்துப் பிறகு எருக்குழியில் சேர்க்க வேண்டும். தொட்டி கழுவும் நீரையும் வலையில் வடிகட்டியே விட வேண்டும். இதைச் செய்யச் சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை காத்திருப்பது வணிகர் சமுதாயத்துக்கு அழகல்ல. நாளை ஓர் ஏரி அடைபட்டால், காரணம் மீன் கடைக்காரர்கள் என்ற பழி நம் எல்லோர் தலையிலும் விழும்.

வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்ப வேண்டியவை

1. கட்டை அவிழ்த்து, தண்டு தண்டாக இடைவெளி விட்டு ஊன்றுங்கள்.

2. முதல் சில வாரங்கள் பழைய இலை போகலாம், குருத்தைப் பாருங்கள்.

3. நுனி நீர்மட்டத்தைத் தொடும் முன்பே வெட்டுங்கள். வெட்டிய நுனியை ஊன்றுங்கள்.

4. விளக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

5. கழிவைக் குளம், கிணறு, சாக்கடையில் போடாதீர்கள்.

இந்த ஐந்தையும் ஒரு சிறு துண்டுச் சீட்டில் அச்சடித்துச் செடியோடு கொடுப்பதற்கு ஆகும் செலவு அற்பம். செடி பிழைத்த வீட்டில் தொட்டி பிழைக்கும். தொட்டி பிழைத்த வீட்டிலிருந்து மீனுக்கும் தீவனத்துக்கும் விளக்குக்கும் ஆள் வரும். செடியை விற்பவர் அதை வெட்டும் முறையையும் சேர்த்து விற்க வேண்டும். அதற்கு நாம் தனியாக விலை போட வேண்டியதில்லை. அது தானே வசூலாகிவிடும்.